மடியில எத்தன இருக்குது?

ஏண்டா கண்ணு, அந்த முதலீட்டு ஆலோசகரு குடுத்த பாரத்த நெறப்பி அனுப்பிப்போட்டயாமா? உங்கம்மா சொன்னா. 14 பக்கமாம். சம்பளம் எத்தன, நகை எத்தன பவுனு, பைபாஸ் ஓரத்துக் காட்ட வித்த காசு எந்த பேங்குல கெடக்குது, மாமனாரு என்ன செஞ்சாரு, இனி என்ன செய்வாரு, எல்லாத்தையும் ஒரே ராத்திரில எழுதி, ஆதார் ஜெராக்ஸ், பான் கார்டு, பேங்க் ஸ்டேட்மெண்ட் அத்தனையும் வாட்ஸ்அப்புல தட்டி உட்டயாமா. பலே. பள்ளிக்கூடத்துல ஒரு நாளாச்சும் வீட்டுப்பாடத்த இத்தன சுத்தமா எழுதியிருந்தீன்னா இந்நேரம் கலெக்டரு ஆபீசுல உக்காந்திருப்பே.

சரி, நீ அத்தனையும் சொன்னே. அந்தாளு உங்கிட்ட என்ன சொன்னான்? ஃபீஸ் எத்தனையாம்? "அதெல்லாம் பேசலைங்க அப்புச்சி, மொதல்ல சும்மா பாத்துச் சொல்றேன்னாரு." ஓகோ. சும்மாவா! கோயமுத்தூர்ல ஏசி ஆபீசு, கண்ணாடிக் கதவு, கேட்டா காப்பி, கேக்காட்டி கிரீன் டீ, அத்தனையும் உன்ற மூஞ்சி லட்சணத்துக்காக வெச்சிருக்கானாக்கும்.

உனக்கு அந்தியூர்ச் சந்தைன்னா குருநாதசாமி கோயில் தேரும் குச்சி ஐசும்தான் நெனப்பு வரும். நான் அங்கயும் கண்ணபுரத்துலயும் வருசக்கணக்குல மாட்டுத் தரகு பண்ணினவன், மறந்துபோட்டே. அங்க வெல பேசறது வாயில இல்ல, துண்டுக்கடியில. விக்கறவன் கையும் தரகன் கையும் துண்டுக்குள்ள போகும். வெரலப் புடிச்சு அமுக்கறதுல இருக்குது கணக்கு. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் வெளங்காது. மூஞ்சியப் பாத்தா ரெண்டு பேரும் மழை வருமான்னு பேசீட்டிருக்கறாப்பல இருக்கும். ஆனா தரகனுக்கு வெலையவிட முக்கியமா ஒண்ணு தெரியோணும். வாங்க வந்தவன் மடியில எத்தன முடிஞ்சுட்டு வந்திருக்கான்? அது தெரிஞ்சுபோச்சுன்னா பல்லையும் சுழியையும் அவன் பாத்துக்கட்டும், வெலைய நாங்க பாத்துக்குவோம். 70,000 கொண்டு வந்தவன் எந்த மாட்டத் தொட்டாலும் அது 68,000 ரூவா மாடு. மிச்சம் 2,000 வண்டி வாடகைக்கு. நாங்களும் மனுசங்கதானே சாமி.

இதுல ஒரு நெளிவு சுளிவு இருக்குது. மடியில எத்தனன்னு ஒருத்தனும் நேராக் கேக்கமாட்டான். "என்னங் மாமா, மஞ்ச போட்டுட்டீங்களாட்ட இருக்குது?" அப்படிம்பான். "பெரிய பொண்ணுக்கு எப்பங்க கண்ணாலம்?" அப்படிம்பான். மாமனும் ஒறமொறைன்னு நெனச்சுட்டு கொட்டித் தீர்த்துருவாரு. மஞ்ச எத்தன மூட்டை, வெல என்ன போச்சு, சீட்டு எப்ப எடுத்தாரு, எல்லாம் வந்துரும். தரகன் ஒரு பொய்யுஞ் சொல்லலை. கேட்டுட்டு நின்னான், அவ்வளவுதான்.

அதனால அந்தாளு உங்கிட்ட மொதல்ல என்ன கேட்டான்னு எனக்குச் சொல்லு. எத்தனன்னு கேட்டானா, எதுக்குன்னு கேட்டானா?

காட்ட வித்த காசுன்னு சொன்னதும், வெவரந் தெரிஞ்சவன் கேக்கற மொதக் கேள்வியே வேற. "காடு எங்கீங்க இருந்துச்சு? முனிசிபாலிட்டி எல்லையிலேருந்து எத்தன கிலோமீட்டரு?" அப்படித்தான் கேப்பான். ஏன்னா ஊரோட சனத்தொகையப் பொறுத்து எல்லையத் தாண்டி 2, 6, 8 கிலோமீட்டருன்னு ஒரு கணக்கு வெச்சிருக்குது வருமான வரிச் சட்டம். அதுக்கு அங்கிட்டு இருக்கற வெவசாய பூமிய வித்தா மூலதன ஆதாய வரி கெடையாது. உள்ள வந்துச்சுன்னா உண்டு. அப்பறம் அவன், "வெவசாயம் பண்ணிட்டிருந்த காடுங்களா? ரெண்டு வருசத்துக்குள்ள வேற காடு வாங்கற எண்ணமிருக்குதுங்களா?" அப்படின்னு கேப்பான். அதுக்கும் வரியில சலுகை இருக்குது. இந்தக் கேள்வி ஒண்ணுக்கும் நீ பேங்க் கணக்கு நெம்பர் சொல்ல வேண்டியதில்ல பாரு. உன்ற ஆளு இதுல ஒண்ணாச்சும் கேட்டானா? "இல்லைங்க, மொத்தத் தொகை எத்தன, எப்ப கணக்குக்கு வரும்னு கேட்டாரு." போச்சு போ. நான் தரகு பண்ணறப்ப அவன் கெடச்சிருந்தா எனக்குக் கூட்டாளியாச் சேத்திருப்பேன்.

உன்ற பேங்க்ல ஒரு புள்ள மாசம் ரெண்டு வாட்டி "சார் நல்லாருக்கீங்களா"ன்னு போன் பண்ணுதே, அதுக்கு நீ ஒண்ணுமே சொல்லத் தேவையில்ல. கெரயப் பணம் கணக்குல உழுந்த அன்னிக்கே அதுக்குத் தெரியும். அதுக்கு முந்தி நாலு வருசமா நீ உசுரோட இருக்கயான்னு எவனாச்சும் விசாரிச்சானா? பாவம், அந்தப் புள்ள மேல குத்தமில்ல. மேல ஒருத்தன் இத்தன பாலிசி புடிச்சுக் கொடுன்னு அதும் தலைல உக்காந்திருப்பான். பேங்குக்காரங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஏஜெண்டும்தான், அது சட்டப்படியே நடக்கற யாவாரம். ஆனா "இன்வெஸ்ட்மெண்ட்"னு சொல்லி யூலிப்புங்கற இன்சூரன்ஸ் பாலிசிய நீட்டினா அஞ்சு வருசத்துக்குப் பணம் பூட்டிக்கும்கறதக் கேட்டுக்க. கையெழுத்துப் போட்டு, பாலிசி கைக்கு வந்ததுக்கப்பறம் புத்தி வந்துச்சுன்னா 30 நாளு இருக்குது, திருப்பிக் கொடுத்தரலாம். அந்த 30 நாளு முடியற வரைக்கும் அந்தப் புள்ள நெம்பப் பாசமாத்தான் இருக்கும்.

எனக்கெப்படி இதெல்லாம் தெரியும்னு பாக்கறயா? காலைல டீக்கடையில பேப்பர மடிப்புக் கலையாம முச்சூடும் படிக்கறவன் நானு. நீ ரீல்ஸ்ல எவனோ காருக்குள்ள உக்காந்துட்டு கோடீஸ்வரனாகறது எப்படின்னு சொல்றதப் பாக்கறவன்.

நீ வாயத் தொறக்கறதுக்கு முந்தி அவன் வாயத் தொறக்க வெக்கோணும். "ஏனுங்க, உங்குளுக்குச் சம்பளம் ஆரு குடுக்கறாங்க?" அப்படின்னு கேளு. வெக்கப்படாதே, டீக்கடைக்காரனக் கேக்கற மாதிரிக் கேளு. மூணு வகைல ஒண்ணு சொல்லுவான்.

ஒண்ணு, பங்குச் சந்தையக் கண்காணிக்கற செபில முதலீட்டு ஆலோசகரா பதிவு பண்ணினவன். 2013-ல வந்த விதி அது. அவன் நெம்பரு ஐ.என்.ஏ.ன்னு ஆரம்பிக்கும். செபி வலைத்தளத்துலயே பேரப் போட்டுப் பாத்துக்கலாம். அவனுக்குக் காசு உங்கிட்ட இருந்து மட்டுந்தான், கமிசன் வாங்கக் கூடாது. நாடு முச்சூடுக்கும் இந்த மாதிரி சுமார் ஆயிரம் பேருதான், அதனால தடுக்கி உழுந்தா தட்டுப்படமாட்டான், தேடித்தான் போகோணும். இன்னொருத்தன் மியூச்சுவல் ஃபண்டு வினியோகஸ்தன், ஏ.ஆர்.என். நெம்பரு வெச்சிருப்பான். உங்கிட்டக் காசு கேக்கமாட்டான். ஃபண்டு கம்பெனி அவனுக்கு வருசா வருசம் உன்ற இருப்புல ஒரு பங்கக் குடுக்கும். ஈக்விட்டி ஃபண்டுன்னா அது அரைலேருந்து ஒரு சதவீதம் வரைக்கும் போகும். 50 லச்சம் போட்டா, ஒரு சதவீதம்னு வெச்சுக்க, வருசம் 50,000. நீ அந்தப் பணத்த வெச்சிருக்கற வரைக்கும் அவன் வாங்குவான். இந்தச் செலவு இல்லாம நேரா வாங்கற டைரக்ட் பிளானு 2013 சனவரிலேருந்தே இருக்குது. மூணாவதாளு இன்சூரன்ஸ் ஏஜெண்டு. அவன உனக்கே தெரியும், உங்க பெரியப்பன்தான். அவன்கிட்ட ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல, நீ பொறந்த நேரமே அவனுக்குத் தெரியும்.

மூணு பேரும் திருடனுங்கன்னு நான் சொல்லவே இல்ல. வினியோகஸ்தன்ல நல்லவன் எத்தனையோ பேரு, மார்க்கெட்டு உழுந்தன்னிக்கு வீட்டுக்கே வந்து "விக்காதீங்க மாமா"ன்னு கையப் புடிச்சவனெல்லாம் இருக்கான். அவன் எதுல சம்பாதிக்கறான்னு தெரிஞ்சாத்தான் அவன்கிட்ட எத மொதல்ல சொல்றது, எத அப்பறம் சொல்றதுன்னு உனக்கு வெளங்கும்.

ஃபீஸ் வாங்கறவன்லயும் ரெண்டு விதம். வருசத்துக்கு இத்தனன்னு கட்டா வாங்கறவன் ஒருத்தன். ஒரு குடும்பத்துக்கு 1,51,000 ரூவாய்க்கு மேல வாங்கக் கூடாதுன்னு செபி வரம்பு கட்டியிருக்குது. அத்தன பேரும் அத்தன வாங்கறதில்ல. இன்னொருத்தன் நீ அவன் யோசனைல போட்டு வெச்சிருக்கற பணத்துல சதவீதம் வாங்கறவன், அதுக்கு உச்சம் 2.5. இந்தச் சதவீதக்காரன்கிட்ட, "எனக்கு வூட்டுக் கடன் 30 லச்சம் இருக்குதுங்க, காட்டுக் காசுல அத அடச்சரட்டுங்களா?"ன்னு ஒரு வார்த்த கேட்டுப் பாரு. அடைச்சா அவன் கணக்குல 30 லச்சம் கொறையும். அவன் பதில் சொல்றதுக்கு முந்தி கண்ணாடியக் கழட்டித் தொடைப்பான் பாரு, அந்த நேரத்துல ஆளப் படிச்சுக்க. நல்லவனா இருந்தா, "அடச்சுப்போடுங்க, எனக்குக் கொஞ்சம் கொறையும், பரவால்ல"ன்னு அவனே சொல்லுவான். அப்படிச் சொன்னவன உட்ராதே.

இனி, கையெழுத்துக்கு முந்தி எத்தன சொல்றதுங்கற சமாச்சாரம். மொதச் சந்திப்புல நீ சொல்ல வேண்டியது ஒரு வெத்தல மேல எழுதினாப் போதும். வயசு 34. மாசச் சம்பளம் சுமாரா இத்தன. கடன் ரெண்டு, மொத்தம் இத்தன. என்னைய நம்பி நாலு பேரு. கையில ஒரு தொகை வந்திருக்குது, எப்ப எதுக்கு வேணும்னு தெரியல. அவ்வளவுதான். முழுசா லச்சக் கணக்குல சொல்லு, பைசா கணக்கு வேண்டாம். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறப்ப பட்டாவக் கையோட கொண்டுட்டா போவே? அது சரி, நீ போவே.

இதக் கூடச் சொல்லமாட்டேன்னு வாய இறுக்கி வெச்சுக்கவும் கூடாது. பதிவு பண்ணின ஆலோசகரு உன்ற வயசு, வருமானம், கடன், இருக்கற முதலீடு, எத்தன நட்டம் தாங்குவேங்கறது, எல்லாத்தையும் கேட்டே ஆகோணும்னு விதியே இருக்குது. கேக்காம யோசனை சொன்னாத்தான் குத்தம். ஒண்ணுமே கேக்காம, "சார், இந்த மூணு ஃபண்டப் போடுங்க, கண்ண மூடிட்டுப் போடுங்க"ன்னு ஒருத்தன் சொன்னா, நீ கண்ணத் தொறந்துட்டு எந்திரிச்சு வா. ஊருக்கெல்லாம் ஒரே சட்டை தெக்கற தையக்காரன் அவன்.

ஜெராக்ஸ் அனுப்பினயே, அதுக்கு வருவோம். உன்ற பான் நெம்பரு பத்து எழுத்து. அது சும்மா ஒரு நெம்பருன்னு நெனச்சுட்டிருக்கே. மாசாமாசம் டெபாசிட்டரில இருந்து உனக்கு மெயில்ல ஒரு மொத்தக் கணக்கு வருதே, பூட்டுப் போட்ட பிடிஎஃப், அதுக்குச் சாவி என்ன? பான் நெம்பரு. வருமான வரி வலைத்தளத்துல இறக்கற ஏ.ஐ.எஸ்.ஸுன்னு ஒண்ணு, வட்டி, பங்கு, கெரயம் எல்லாம் வரிசையா வருமே, அதுக்குச் சாவி? பான் நெம்பரோட பொறந்த தேதி. நீ பாரத்துல ரெண்டையும் மொதப் பக்கத்துலயே எழுதினே, கூடவே அந்த பிடிஎஃப் ரெண்டையும் அனுப்பினே. "பாஸ்வேர்டு போட்டுத்தானுங்க அனுப்பினேன்"னு உங்கம்மாகிட்டப் பெருமை வேற பேசினயாமா. பூட்டிச் சாவியப் பூட்டுலயே தொங்கப் போட்டிருக்கே ராசா.

ஒப்பந்தம் போட்டதுக்கப்பறம் பானும் ஒரு முகவரிச் சான்றும் அவனுக்குக் குடுத்துத்தான் ஆகோணும், கேஒய்சி இல்லாம அவன் உன்னைய வாடிக்கையாளாச் சேத்த முடியாது. அதுக்கு ஆதாரக் குடுத்தாலும் மொத எட்டு நெம்பர மறச்சு, கடைசி நாலு மட்டும் தெரியற மாதிரி இறக்கிக்க வழி இருக்குது, அது போதும்னா அதக் குடு. ஜெராக்ஸுக்குக் குறுக்க, எதுக்குக் குடுக்கறே, ஆருக்குக் குடுக்கறே, தேதி, மூணையும் பேனாவுல எழுதிக் குடு. ஃபண்டுக் கணக்கு கேட்டான்னா ஃபண்டுக் கணக்கப் பதிஞ்சு வெக்கற கேம்ஸ் கம்பெனில சுருக்கக் கணக்குன்னு ஒண்ணு தனியா வாங்கலாம். எந்தத் தேதில எத்தன போட்டே, எத்தன எடுத்தேங்கற வரலாறெல்லாம் மொத நாளே அவனுக்கு எதுக்கு?

இன்னொரு வழியும் 2021 செப்டம்பர்லேருந்து நடப்புல இருக்குது, அக்கவுண்ட் அக்ரிகேட்டருன்னு. ரிசர்வ் பேங்க் அனுமதி குடுத்த கம்பெனி. எதுக்காக, எந்தக் கணக்கு, எத்தன நாளைக்குன்னு நீ சம்மதங் குடுத்தா, பேங்குலேருந்து கணக்கு அந்தக் கம்பெனி வழியா அவனுக்குப் போகும். நடுவுல இருக்கறவன் அதப் படிக்க முடியாது. வேண்டாம்னு தோணுச்சுன்னா குடுத்த சம்மதத்த வாபஸ் வாங்கிக்கலாம். வாட்ஸ்அப்புல போன ஜெராக்ஸ வாபஸ் வாங்குவியா?

ஓடிபி, நெட் பேங்கிங் பாஸ்வேர்டு, யூபிஐ பின்னு, தொகை எழுதாத செக்கு, பென்சில்ல பெருக்கல் குறி போட்ட எடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டு மிச்சத்தக் காலியா உட்ட பாரம், இதெல்லாம் எந்த ஆலோசகருக்கும், ஒப்பந்தத்துக்கு முந்தியும் பிந்தியும், அவன் உன்ற சித்தப்பன் மகனாவே இருந்தாலும் கெடையாது. யோசனை சொல்றவனுக்கு உன்ற பணத்தத் தொடற வேலையே இல்ல. பணம் உன்ற கணக்குலேருந்து ஃபண்டுக்குப் போகோணும், அவன் ஃபீஸு தனியா பேங்க் வழியாப் போகோணும், ரசீது வரோணும். "என்ற கணக்குல போடுங்க, நான் உங்குளுக்காகப் போட்டுக்கறேன்"னு சொன்னா அங்கயே செருப்ப மாட்டிக்க. 2012-ல பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்குப் பணம் கட்டி ஏமாந்தவங்களக் கேளு. உன்ற மாமன் ஒருத்தரு இன்னிக்கும் நாட்டுக்கோழிக் குழம்பு வெச்சாக்கூட எந்திரிச்சுப் போயிருவாரு. தப்பித்தவறி ஓடிபிய ஒளறிப்போட்டா அழுதுட்டு உக்காராம ஒடனே 1930-க்குப் போன் போடு.

சரி, ஆளு நல்லவன், நெம்பர் சரி, ஃபீஸ் எழுத்துல இருக்குது, ஒப்பந்தத்துல கையெழுத்தும் ஆயிப்போச்சுன்னு வெச்சுக்க. அதுக்கப்பறந்தான் நீ கெட்டிக்காரத்தனம் காட்டுவே, எனக்குத் தெரியாதா? சொல்ல வேண்டியத அப்பத்தான் முழுங்குவே. மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கறத எழுதமாட்டே. சொசைட்டில வெச்ச நகைக் கடன் "அது அம்மா பேர்லதானே"ம்பே. தாராபுரத்து ஃபைனான்ஸ்காரன்கிட்ட ரெண்டு வட்டிக்கு வாங்கின கைமாத்து, அது கடனே இல்ல, சினேகம்! அந்தாளு பாரத்தப் பாத்துட்டு மாசம் 20,000 எஸ்ஐபி போடச் சொல்லுவான். அது வருசத்துக்கு 12 குடுக்குமா குடுக்காதான்னு கடவுளுக்குத்தான் தெரியும். சினேகிதன் வருசத்துக்கு 24 வாங்கிட்டுத்தான் இருப்பான், தவறவே மாட்டான். ஃபீஸ் குடுத்துப் பொய் சொல்றதுக்கு, ஃபீஸ் குடுக்காம பொய் சொல்லலாமே, மிச்சமாகும்.

அந்தப் பாரத்துல, "சந்தை 20 சதவீதம் சரிந்தால் என்ன செய்வீர்கள்?"னு ஒரு கேள்வி இருந்துதாமா. நீ "மேலும் வாங்குவேன்"னு டிக் பண்ணினயாமா. உங்கம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. 2010-11ல ஈரோட்டுல மஞ்ச குவிண்டாலு 15,000-த்தத் தாண்டிப் போச்சு. உங்கப்பன் "இன்னும் ஏறும்"னு மண்டில வெச்சிருந்தான். 2012-ல 4,000 பக்கமா வந்து நின்னுச்சு. அன்னிக்கு நீ காலேஜு. ராத்திரில உங்கப்பன் தூங்காம கட்டுத்தரைக்கும் வாசலுக்கும் நடந்தத நீயும் பாத்தயல்ல? நீ அவன் மவன்டா. போன தீபாவளிக்கு உன்ற ஷேரு கொஞ்சம் எறங்குனதுக்கே மூணு நாளு பொண்டாட்டிகிட்ட எரிஞ்சு உழுந்தே. "சரிந்தால் வயித்தால போகும்"னு ஒரு கட்டம் இருந்தா அதுல டிக் பண்ணு. இல்லாட்டி ஓரத்துல எழுதிக் குடு. அது தெரிஞ்சாத்தான் அவன் உனக்குத் தகுந்தாப்பல எதையாச்சும் சொல்ல முடியும். அவன் அத வெளிய சொல்லக் கூடாதுன்னும் விதி இருக்குது, பயப்படாதே. நான்தான் ஊர்ல சொல்லுவேன்.

ஆமா, பொண்டாட்டின்னதும் கேக்கோணும்னு நெனச்சேன். முந்தாநேத்துப் பாத்த ஆளுக்கு 14 பக்கம் எழுதிக் குடுத்தயே, அதுல அம்மிணிக்கு எத்தன பக்கம் தெரியும்? எந்த பேங்குல எத்தன இருக்குது, நாமினி ஆரு பேர்ல இருக்குது, பழைய பாலிசில இன்னும் உங்கம்மா பேர்தானேன்னு அவுளுக்குச் சொல்லியிருக்கயா? முழிக்கறதப் பாத்தாலே தெரியுது. ஃபைனான்ஸ்காரன் சினேகத்த நீ சொல்லமாட்டே, அவனே ஒரு நாளைக்கு வந்து சொல்லிப்போடுவான்.

திங்கக்கெழம அந்த ஆலோசகரு ஆபீசுக்குப் போறப்ப அவுளையும் கூட்டிட்டுப் போ. நீ அந்தக் கண்ணாடிக் கதவப் பாத்ததுமே "பரவால்லைங்க சார், பரவால்லைங்க சார்"னு கொழைவே, ஃபீஸ் எத்தனன்னு கேக்க உனக்கு நாக்கு எந்திரிக்காது. அவ கேப்பா. போன வாரம் வாசல்ல கீரைக்காரி ஒரு கட்டுக்கு அஞ்சு ரூவா சேத்திச் சொல்லிப்போட்டான்னு, அந்தப் பொம்பளையோட வட்டி, வாடகை, எந்தத் தோட்டத்துக் கீரைங்கறது வரைக்கும் விசாரிச்சுட்டு, தான் கையில எத்தன வெச்சிருக்கான்னு கடைசி வரைக்கும் காட்டாமயே ரெண்டு கட்டு வாங்கிட்டு வந்தா. எனக்கு அப்பவே தோணுச்சு, இந்தப் புள்ள மட்டும் என்ற காலத்துல சந்தைக்கு வந்திருந்தா நான் தரகு பண்ணிப் பொழச்சிருக்க முடியாதுன்னு.